குடல் அமைதியும் உணவு ஒழுங்கும்

(சித்தூர், திருப்பதி மாவட்ட மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நோய்களுள் சில உயிரைப் பறிப்பவை. சில உழைப்பைப் பறிப்பவை. காலரா, காசநோய், மலேரியா போன்ற முதல் வகை நோய்களுக்கு எதிராக நாடு தழுவிய திட்டங்கள் தீட்டப்பட்டன. அவற்றின் பலனும் கண்கூடு. இரண்டாம் வகை நோய்கள் திட்ட ஏடுகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. அவற்றால் இறப்போர் இல்லை. ஆகவே அவற்றைக் கணக்கெடுப்போரும் குறைவு. காலையில் மும்முறை கழிப்பறைக்குச் சென்ற பின்னும் வயிறு தெளியாமல் பேருந்துப் பயணத்தை எண்ணி அஞ்சும் எழுத்தரும், வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்டு தேர்வு எழுதும் மாணவியும் இவ்வாறு கணக்கில் வராதவர்கள். இவர்களில் பலரை வருத்தும் கோளாற்றை மருத்துவர்கள் ‘எரிச்சல் குடல் நோய்’ என்பர். ஐ.பி.எஸ். என்னும் பெயரும் பரவலாக வழங்குகிறது.

இந்நோய்க்கு உணவு மாற்றமே முதற்படிச் சிகிச்சை என்பதில் மருத்துவ உலகில் இன்று பரந்த உடன்பாடு காணப்படுகிறது. ஆயின், உணவு மாற்றம் என்றால் ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே போவது என்று மக்கள் பொருள் கொள்கின்றனர். விலக்குவது சிகிச்சையின் ஒரு பாதியே. விலக்கியவற்றை முறையாக மீண்டும் சேர்த்துப் பார்ப்பது மறுபாதி. இந்த மறுபாதியை மறந்துவிட்டால், பருப்பும் பாலும் தவிர வேறு புரதம் அரிதாகிய குடும்பங்களில் ஒரு நோய்க்குத் தீர்வு தேடப் போய் ஊட்டக்குறைவு என்னும் மற்றொரு நோயை வருவித்துக்கொள்ள நேரிடும். இவ்வுரை வலியுறுத்த விழைவது இதுவே.

நோயின் இயல்பு

எரிச்சல் குடல் நோயில் குடலில் புண்ணோ கட்டியோ காணப்படுவதில்லை. இரத்தப் பரிசோதனையும் குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் பெரும்பாலும் எக்குறையையும் காட்டுவதில்லை. எனினும் வலி மெய்யானதே. 2016-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட நான்காவது ரோம் வரையறையின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்திற்கு ஒரு நாளேனும் வயிற்று வலி இருத்தல் வேண்டும். அவ்வலி மலங்கழித்தலோடு தொடர்புற்றிருத்தல், மலங்கழிக்கும் தடவைகள் மாறுபடுதல், மலத்தின் தன்மை மாறுபடுதல் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் உடனிருத்தல் வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதங்களாவது கடந்திருத்தலும் வேண்டும். சிலருக்கு வயிற்றுப்போக்கு மிகும். சிலருக்கு மலச்சிக்கல் மிகும். வேறு சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும்.

குடலின் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூருணர்வு கொள்வது, குடலின் அசைவு சீர்கெடுவது, குடல்வாழ் நுண்ணுயிர்களின் கலவை மாறுவது, மூளைக்கும் குடலுக்கும் இடையே நிகழும் செய்திப் போக்குவரத்து பிறழ்வது ஆகியவை இதன் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பிறருக்கு உறுத்தாத அளவு வாயு இவர்களுக்கு வலியாக உணரப்படுகிறது. மனக்கவலை இந்நோயை மிகுவிக்கும். ஆனால் இது வெறும் மனப்பிரமை அன்று. ‘பரிசோதனையில் ஒன்றுமில்லை’ என்று கூறி நோயாளியை அனுப்பிவிடுவது, அவர் அடுத்த மருத்துவமனையை நாடிச் செல்வதற்கே வழி செய்கிறது.

இந்திய இரைப்பை குடல் மருத்துவச் சங்கத்தின் பணிக்குழு பல மாநில மையங்களில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. நோயாளிகள் அல்லாத பொது மக்கள் 4,500 பேரை வினவியதில் 4.2 சதவீதத்தினரிடம் இந்நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, அன்று ஒன்றாக இருந்த சித்தூர் மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 41.7 லட்சம். இவர்களுள் மூன்றில் இரு பங்கினர் வயது வந்தோர் என்று கொண்டு, மேற்கண்ட விகிதத்தையும் பொருத்திப் பார்த்தால் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் என்ற தொகை கிடைக்கிறது. இது நேரடிக் கணக்கெடுப்பு அன்று, ஒரு மதிப்பீடே. ஆயினும் புறக்கணிக்கத்தக்க எண்ணிக்கை இல்லை என்பதை உணர்த்த இது போதும்.

முதலில் மருத்துவர், பிறகு உணவு

உணவு மாற்றத்தைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், தொடர் காய்ச்சல், இரத்தச்சோகை, உறக்கத்தினின்று எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடற்புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் வீட்டு வைத்தியத்தில் காலங்கடத்துதல் கூடாது. நம் நாட்டில் குடல் காசநோய் இன்னும் உண்டு. குடற்புழுக்களும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும் உண்டு. தைராய்டு கோளாறுகளும் இதே முகமூடி அணிந்து வருவதுண்டு.

சித்தூரை அடுத்த வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1960-களில் சுற்றுப்புறக் கிராமங்களில் பரவிய ‘ஸ்புரூ’ என்னும் நோயை விரிவாக ஆராய்ந்தனர். உண்ட உணவின் சத்துகளைக் குடல் ஏற்க இயலாமற் போவது அந்நோயின் இயல்பு. நீடித்த வயிற்றுப்போக்கு என்பது எல்லோருக்கும் ஒரே நோயைக் குறிப்பதன்று என்பதற்கு இப்பகுதியின் வரலாறே சான்றாகும். திருப்பதியில் 1960-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், 1993 முதல் இயங்கிவரும் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் உள்ளன. எளிய பரிசோதனைகளால் பிற நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. உறுதி செய்துகொண்ட பின் ஆண்டுதோறும் அதே பரிசோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்வது வீண் செலவாகும்.

உணவு எவ்வாறு தொல்லை தருகிறது?

சில மாவுச்சத்துகளும் சர்க்கரைகளும் சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. அவை நீரைத் தம்பால் ஈர்த்துக்கொண்டு பெருங்குடலை அடைகின்றன. அங்கு நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது. நீரும் வாயுவும் குடலை விரிக்க, கூருணர்வு கொண்ட நரம்புகள் அதனை வலியாக அறிவிக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பொருள்களை ஒரு தொகுப்பாக வகுத்து, ‘ஃபாட்மேப்’ என்ற சுருக்கப் பெயரை 2005-ஆம் ஆண்டையொட்டி வழக்கிற்குக் கொண்டுவந்தனர். இதில் நால்வகை அடங்கும். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலுள்ள பிரக்டான்களும் பருப்பு வகைகளிலுள்ள ராஃபினோஸ் போன்றவையும் முதல் வகை. பாலிலுள்ள லாக்டோஸ் இரண்டாவது. மாம்பழம், தேன் போன்றவற்றில் குளுக்கோசை விட மிகுதியாக உள்ள பிரக்டோஸ் மூன்றாவது. சர்க்கரைக்கு மாற்றாகச் சில மிட்டாய்களிலும் மருந்துப் பாகுகளிலும் சேர்க்கப்படும் சார்பிட்டால் முதலியவை நான்காவது. 2014-இல் வெளியான மோனாஷ் ஆய்வில், இவற்றைக் குறைத்த உணவை உண்டபோது நோயாளிகளின் தொல்லை மதிப்பெண் வழக்கமான உணவின்போது இருந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆனால் நொதித்தல் என்பதே தீமை என்று கொள்ளலாகாது. 2000-ஆம் ஆண்டில் வேலூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காலரா நோயாளிகளுக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், எளிதில் செரியாத ஒருவகை மாவுச்சத்தைச் சேர்த்தபோது வயிற்றுப்போக்கு விரைவில் தணிந்தது. அம்மாவு பெருங்குடலில் நொதித்து உண்டாக்கும் சிறு கொழுப்பமிலங்கள், குடல் நீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளத் துணை செய்கின்றன. ஒருவருக்கு உபாதை தரும் அதே நொதித்தல் மற்றொருவருக்கு உயிர்காக்கும் உதவியாகிறது. ஃபாட்மேப் பொருள்களை நெடுநாள் கடுமையாக ஒதுக்கினால் குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் சில குறைகின்றன என்று பிற ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆகவே ஒதுக்குவதற்குக் கால வரையறை தேவை.

முதற்படி: ஒழுங்கு

கடும் விலக்குகளுக்கு முன் எளிய ஒழுங்கு ஒன்றைக் கடைப்பிடித்துப் பார்த்தல் வேண்டும். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2008-இல் கூறிய அறிவுரை இத்தகையதே. குறித்த நேரத்தில் உண்ணுதல். உணவு வேளையைத் தவறவிடாமை. நிதானமாக மென்று உண்ணுதல். நாளொன்றுக்கு எட்டுக் கோப்பை அளவேனும் நீர் முதலியன பருகுதல். காபி, தேநீரை மூன்று கோப்பைகளுக்குள் நிறுத்துதல். மதுவையும் வாயுவேற்றிய பானங்களையும் குறைத்தல். பழங்களைச் சிறு சிறு அளவில் மூன்று முறைக்கு மேற்படாமல் உண்ணுதல் ஆகியவை அதன் சாரம்.

இவை பழகிப்போன அறிவுரைகள் என்று தள்ளிவிடலாகாது. 2015-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், ஃபாட்மேப் குறைந்த உணவுமுறையால் 50 சதவீத நோயாளிகளும் இத்தகைய எளிய அறிவுரையால் 46 சதவீத நோயாளிகளும் நலம் கண்டனர். இரண்டிற்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செலவில்லாத வழி ஒன்று ஏறக்குறைய அதே பலனைத் தரும்போது, அதனை முதலில் கையாள்வதே அறிவுடைமை.

நார்ச்சத்தைப் பொறுத்த மட்டில் ஒரு தெளிவு தேவை. ‘நார்ச்சத்து நல்லது’ என்று கேள்வியுற்று, பலர் கோதுமைத் தவிட்டை நாடுகின்றனர். 2009-இல் நெதர்லாந்தில் 275 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இசப்கோல் உமி தொல்லையைக் குறைத்தது. தவிடோ பலருக்குத் தொல்லையை மிகுவித்தது. குஜராத்தின் உஞ்சா சந்தை வழியே உலகெங்கும் செல்லும் இந்த இசப்கோல், நம் ஊர் மருந்துக் கடைகளிலும் மலிவாகவே கிடைக்கிறது. சிறிதளவில் தொடங்கி, போதிய நீருடன் படிப்படியாக அளவைக் கூட்டுதல் வேண்டும்.

இரண்டாம் படி: விலக்கலும் மீட்டலும்

ஒழுங்கினால் மட்டும் நலம் கிட்டாதவர்கள் மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில் விலக்கு முறையை மேற்கொள்ளலாம். இதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஃபாட்மேப் மிகுந்த உணவுகளைக் குறைப்பது முதற்கட்டம். அக்காலத்தில் பலன் இல்லையெனில் முறையையே கைவிட்டு வழக்கமான உணவுக்குத் திரும்புதல் வேண்டும். பலன் கண்டவர்கள் ஒவ்வொரு வகையாக, ஒரு வகைக்குச் சில நாட்கள் என்ற கணக்கில், சிறு அளவில் தொடங்கிச் சேர்த்துப் பார்ப்பது இரண்டாம் கட்டம். தமக்கு ஒவ்வாதவை எவை, எந்த அளவு வரை ஒத்துக்கொள்ளும் என்று கண்டறிந்து, ஏனைய அனைத்தையும் உண்பது மூன்றாம் கட்டம். பெரும்பாலோர்க்கு எல்லா வகையும் ஒவ்வாமற் போவதில்லை; ஒன்றிரண்டே தொல்லை தருகின்றன.

மேனாட்டுப் பட்டியல்களை அப்படியே நம் அடுக்களைக்குப் பொருத்துவது இயலாது. சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைக்கப்பட்டபோது வட ஆற்காட்டுப் பகுதிகளும் கடப்பைப் பகுதிகளும் அதில் இணைந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறியபோதும் உணவு வழக்கம் இரு மொழியினர்க்கும் பொதுவாகவே நின்றது. தமிழர் கேழ்வரகுக் களி என்பதைத் தெலுங்கர் ராகி சங்கடி என்பர். கொள்ளுச் சாறு அவர்களுக்கு உலவ சாறு. அரிசிச் சோறு, துவரம் பருப்பு, வேர்க்கடலைத் துவையல், புளியும் மிளகாயும் மிகுந்த குழம்பு, இறுதியில் மோர் என்பதே வழக்கமான உணவு.

இவ்வுணவில் மாற்ற வேண்டியது அதிகமில்லை. அரிசி ஃபாட்மேப் குறைந்த தானியம், அஞ்ச வேண்டியதில்லை. வேர்க்கடலை அளவோடு உண்டால் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. எண்ணெயில் பொரித்த பண்டமாக மிகுதியாக உண்ணும்போது கொழுப்பினால் தொல்லை நேரலாம். கேழ்வரகு சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் நிறைந்தது. ஒருவேளைக்குச் சிறு உருண்டையாகத் தொடங்கி, உடல் ஏற்கும் அளவை அவரவரே அறிந்துகொள்ளலாம்.

பருப்பைப் பற்றியே மிகுந்த கவனம் தேவை. கொள்ளு, கொண்டைக்கடலை, மொச்சை ஆகியவை பலருக்கு வாயுவை மிகுவிக்கின்றன. ஆயினும் அவற்றை இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்கு வேகவைத்தால், வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீரோடு போய்விடுகிறது. முளைகட்டுதலும் அச்சர்க்கரைகளைக் குறைக்கிறது. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் வழக்கம் உளுந்துக்கும் இதே நன்மையைச் செய்கிறது. பாசிப்பருப்பு பலருக்கு எளிதில் ஒத்துக்கொள்கிறது. எனவே பருப்பே கூடாது என்பதற்குப் பதிலாக, எந்தப் பருப்பு, எவ்வளவு, எவ்வாறு சமைத்தது என்று வினவுதலே முறை.

வெங்காயம், பூண்டு ஆகியவற்றிலுள்ள பிரக்டான் நீரில் கரையும்; எண்ணெயில் கரையாது. எண்ணெயில் பூண்டைத் தாளித்து, பூண்டுப் பற்களை எடுத்துவிட்டால் மணம் நிற்கும். தொல்லை பெரிதும் குறையும். சாம்பாரில் வெங்காயத்தை வேகவைத்துப் பின்னர் எடுத்தெறிவதால் இப்பயன் கிட்டாது; பிரக்டான் ஏற்கெனவே குழம்பில் கரைந்திருக்கும்.

பாலின் லாக்டோசைச் செரிக்கும் நொதி வயது வந்தபின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. வட இந்தியரை விடத் தென்னிந்தியரிடையே இக்குறை அதிகம் என்று ஆய்வுகள் கண்டுள்ளன. அதனால் பாலை முற்றிலும் துறக்க வேண்டியதில்லை. தயிரில் லாக்டோஸ் ஓரளவு குறைந்திருக்கிறது. நீர் மோராக்கினால் ஒரு குவளையில் அதன் அளவு மேலும் குறையும். காபியில் கலக்கும் சிறிது பாலை ஏற்கும் உடல், ஒரு பெரிய குவளைப் பாலை ஏற்காமற் போகலாம்.

சித்தூர்ப் பகுதி மாம்பழத்திற்குப் பெயர் பெற்றது. தமிழில் கிளிமூக்கு என்று வழங்கும் தோத்தாபுரி மாங்கனியைக் கூழாக்கும் தொழிற்சாலைகள் இங்குப் பல உள்ளன. மாம்பழத்தில் பிரக்டோஸ் மிகுதி. நோயாளி ஓரிரு துண்டுகள் உண்டு பார்க்கலாம். முழுப் பழமும் அதன்மேல் ஒரு குவளைச் சாறும் தொல்லையை வரவழைக்கும். வாழையில் நன்கு கனிந்ததைவிடச் சற்றுக் கெட்டியான பழம் ஏற்றது. ஆந்திரச் சமையலுக்கு அழகு செய்யும் மிளகாயின் காரம், கூருணர்வு கொண்ட குடல் நரம்புகளை நேரடியாகத் தூண்டுகிறது. இது ஃபாட்மேப் பட்டியலில் இல்லாவிடினும் குறைத்துப் பார்க்கத் தக்கது.

திருமலை யாத்திரையில்

திருமலைக்கு நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் வருகின்றனர். குடல் நோயாளிக்கு யாத்திரை ஒரு சோதனையே. விடியுமுன் புறப்பாடு, உணவு வேளை தவறுதல், நெடுநேர வரிசை, கழிப்பறை எங்குள்ளதோ என்ற கவலை ஆகிய அனைத்தும் ஒருங்கே சேர்கின்றன. இக்காரணத்தால் யாத்திரையையே தவிர்ப்போரும் உளர்.

சற்றுச் சிந்தித்தால் தவிர்க்க வேண்டியதில்லை என்பது புலப்படும். 1985-இல் தொடங்கப்பட்ட நித்திய அன்னதானத் திட்டம் இன்று தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாத வளாகத்தில் பேரளவில் நடைபெறுகிறது. அங்கு வெங்காயமும் பூண்டும் சேர்க்கப்படுவதில்லை. சோறு, சாம்பார், ரசம், மோர் என்ற அந்த உணவு, சாம்பாரைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் இந்நோயாளிகளில் பலருக்கு இயல்பாகவே பொருந்துகிறது. 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு கடலை மாவும் நெய்யும் சர்க்கரையும் முந்திரியும் கொண்டது. பிரசாதமாகச் சிறிது உண்பதால் தீங்கில்லை. பசித்த வயிற்றில் முழு லட்டையும் உண்பதே தவறு. முன்னிரவு எளிய உணவு, காலையில் இரண்டு இட்லி, கையில் குடிநீர், அவசரமின்றிக் கழிப்பறைக்குச் செல்லப் போதிய நேரம் ஆகிய நான்கையும் திட்டமிட்டால் அலிபிரிப் படிகள் 3,550-ஐயும் ஏறிச் செல்ல இந்நோய் தடையாகாது.

செலவுக் கணக்கு

பொருளாதார நோக்கில் இந்நோயின் செலவு மூவகைப்படும்: பரிசோதனைக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு, இழந்த வேலை நாட்கள், விலக்கிய உணவுக்கு மாற்றாக வாங்கும் பொருள்களின் விலை. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி 2021-22-இல் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தியதாகும். 2013-14-இல் இது 64.2 சதவீதமாக இருந்தது. முன்னேற்றம் பெரிதே. எனினும் 2018-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனா மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையையே முதன்மையாகக் கொண்டது. குடல் நோயாளியோ பெரும்பாலும் புறநோயாளி. மருந்துக் கடைக்கும் ஸ்கேன் நிலையத்துக்கும் அவர் செலுத்தும் தொகை அவர் சட்டைப்பையிலிருந்தே செல்கிறது.

நிலக்கடலை வயலில் கூலி வேலை செய்யும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயிற்று உப்புசம் வந்ததும் அண்டை வீட்டார் சொற்படி பாலை நிறுத்துகிறார். பின்பு பருப்பை நிறுத்துகிறார்; அதன்பின் கேழ்வரகையும் விடுகிறார். எஞ்சுவது சோறும் ரசமும். வயிறு சற்று அமைதியுறுகிறது. ஆனால் ஓராண்டில் இரத்தச்சோகையும் சோர்வும் வந்தடைகின்றன. கூலி நாட்கள் குறைகின்றன. வசதியுள்ளவர் விலக்கிய பாலுக்கு மாற்றாக லாக்டோஸ் நீக்கிய பாலை வாங்க முடியும். இவருக்கு மாற்று ஏதுமில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றே: ‘ஆறு வாரத்திற்குப் பின் பாசிப்பருப்பையும் மோரையும் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்’ என்று கூறும் ஒருவர். அச்சொல்லுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

நிர்வாகத்தின் பங்கு

முதலாவதாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளூர் உணவுகளைக் கொண்டு தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்ட ஒரு பக்க அறிவுரைத் தாள் வழங்கப்படலாம். எச்சரிக்கை அறிகுறிகள், எளிய ஒழுங்கு, விலக்கும் காலம், மீட்டும் முறை ஆகிய நான்கும் அதில் அடங்கினால் போதும். ஐதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைகள் 528 உணவுப் பொருள்களைப் பகுத்தாய்ந்துள்ளன. திருப்பதியில் 1983-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் போன்றவற்றில் மனையியல் பயிலும் மாணவியர் இவ்வட்டவணைகளைக் கொண்டு ராயலசீமை உணவுக்கேற்ற பட்டியல் தயாரிப்பதைத் தம் களப்பணியாக ஏற்கலாம்.

இரண்டாவதாக, அலுவலகம், பள்ளி, பேருந்து நிலையம், சந்தை ஆகிய இடங்களில் தூய்மையான கழிப்பறையும் உணவு இடைவேளையும் உறுதி செய்யப்படல் வேண்டும். கழிப்பறை இல்லையென்ற அச்சத்தால் நீர் பருகாமலும் உண்ணாமலும் நாளைக் கழிக்கும் பெண் ஊழியர்க்கு எந்த உணவுப் பட்டியலும் பயன்படாது.

மூன்றாவதாக, பாதுகாப்பான குடிநீர். குடல் தொற்றுக்குப் பின் எரிச்சல் குடல் நோய் தொடங்குவதுண்டு. கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் குடிநீர் மாசுபட்டதால் 2,300-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர், எழுவர் இறந்தனர். இரண்டாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, தொற்றுக்கு ஆளாகாதவர்களில் 10.1 சதவீதத்தினர்க்கு இருந்த இந்நோய், கடும் தொற்றுக்கு ஆளானவர்களில் 36.2 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. குடிநீர்க் குழாயில் செய்யும் முதலீடு அவ்வாண்டின் வயிற்றுப்போக்கைத் தடுப்பதோடு நில்லாமல், பின்வரும் ஆண்டுகளின் வேலையிழப்பையும் தடுக்கிறது என்பதே இதன் பாடம்.

முடிவுரை

எரிச்சல் குடல் நோய் உணவினால் மட்டும் முற்றிலும் நீங்கிவிடும் என்று உறுதி கூற இயலாது. சிலருக்கு மருந்தும் சிலருக்கு மனநல உதவியும் தேவைப்படும். ஆனால் 2024-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், நான்கு வாரங்களில் உணவு முறைகளால் 70 சதவீதத்திற்கு மேற்பட்டோர் நலம் கண்டனர். மருந்து பெற்றவர்களுள் 58 சதவீதத்தினர் நலம் கண்டனர். உணவுக்குரிய இடம் முதலிடம் என்பதற்கு இது வலுவூட்டுகிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் உண்டதையும் உபாதையையும் நாள்தோறும் குறித்து வருதல், ஒரு சமயத்தில் ஓர் உணவை மட்டும் மாற்றுதல், குறித்த காலத்தின் முடிவில் அதனைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தல் ஆகிய மூன்றும் எந்த ஏழை வீட்டிலும் கைக்கொள்ளக் கூடியவை. திட்டத்தின் வெற்றியைச் செலவைக் கொண்டு மட்டுமன்றிப் பயனைக் கொண்டும் அளப்பது போல, உணவுச் சிகிச்சையின் வெற்றியையும் எத்தனை உணவுகள் தட்டினின்று அகற்றப்பட்டன என்பதைக் கொண்டு அளத்தல் கூடாது. எத்தனை உணவுகள் தட்டுக்குத் திரும்பி வந்தன என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.